விமான நிலையம் எத்தனை நாழிகை வழி?

தூரத்தைக் காலத்தால் அளந்து சொல்வது தமிழர்க்குப் புதிதன்று. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அறுபது நாழிகை கொண்டது ஒரு நாள். ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கக்கூடிய தொலைவை ‘நாழிகை வழி’ என்றும், விடியலில் புறப்பட்டவன் பொழுது சாய்வதற்குள் சென்றடையும் தொலைவை ‘ஒரு பகல் வழி’ என்றும் நம் முன்னோர் வழங்கினர். மேடும் பள்ளமும், ஆறும் காடும் அவ்வளவையில் தாமாகவே அடங்கியிருந்தன. மைலும், பின்னர் கிலோமீட்டரும் வந்தபின் அளவு துல்லியமாயிற்று; ஆனால் வழியின் அருமை கணக்கிலிருந்து விடுபட்டுப் போயிற்று.

இப்பழைய அளவையை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வட்டாரத்துக்குப் புதிய விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்று ஆராயும்போது, அருகிலுள்ள விமான நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வியே முதலில் எழுகிறது. மக்கள் அங்குச் சென்றடைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இவ்வரிசை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கிக் கூடும் குப்பத்தை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

படத்தில் காணும் குப்பம்

குப்பம் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், கடல் மட்டத்துக்கு 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள பீடபூமியில் அமைந்துள்ளது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் அங்காடியில் ஒருங்கே ஒலிக்கும் ஊர் அது. 1997இல் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகத்தின் இருப்பிடமும் அதுவே. அதன் அட்சரேகை ஏறத்தாழ வடக்கு 12.75 பாகை, தீர்க்கரேகை கிழக்கு 78.35 பாகை.

இவ்வெண்களைக் கொண்டு, வானில் நேராகப் பறக்கும் தூரத்தை உயர்நிலைப் பள்ளி மாணவரும் கணக்கிடலாம். இப்பகுதியில் ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஒரு பாகை தீர்க்கரேகை ஏறத்தாழ 108 கிலோமீட்டர். பெங்களூரு கெம்பெகௌடா விமான நிலையம் வடக்கு 13.20, கிழக்கு 77.71 பாகைகளில் உள்ளது. ஆகவே அட்சரேகை வேறுபாடு 0.45 பாகை, அதாவது 50 கிலோமீட்டர்; தீர்க்கரேகை வேறுபாடு 0.64 பாகை, அதாவது 69 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால், கர்ணம் சுமார் 85 கிலோமீட்டர் ஆகிறது. இம்முறையிலேயே கணக்கிட்டால், குப்பத்திலிருந்து சேலம் விமான நிலையம் சுமார் 110 கிலோமீட்டர், ரேணிகுண்டாவில் அமைந்துள்ள திருப்பதி விமான நிலையம் சுமார் 160 கிலோமீட்டர், சென்னை விமான நிலையம் சுமார் 200 கிலோமீட்டர் எனக் கிடைக்கும். பெங்களூரு, திருப்பதி ஆகிய இரு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள நேர்தூரம் சுமார் 205 கிலோமீட்டர்.

நேர்தூரத்தை அளப்பதில் இப்பகுதி பழம்பெருமை உடையது. 1802ஆம் ஆண்டில் லாம்ப்டன் என்பார் சென்னைப் பரங்கிமலையின் அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கினார். 1804இல் பெங்களூருக்கு அருகே மற்றோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. தீபகற்பத்தின் குறுக்கே முக்கோணத் தொடர் ஒன்று குன்றுக்குக் குன்று தாவிச் சென்றது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூர்களுக்கிடையே உள்ள தூரத்தை நாம் நன்கு அறிவோம். அவற்றுக்கிடையே ஒரு விவசாயியோ மாணவனோ நோயாளியோ எவ்வளவு நேரத்தில் சென்று சேர்கிறார் என்பதை மட்டும் அதே கருத்துடன் அளக்கவில்லை.

விதியின் நேர்கோடு

2008ஆம் ஆண்டில் மத்திய அரசு புதிய விமான நிலையங்களை அமைப்பது குறித்துக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இயங்கிவரும் பொது விமான நிலையத்திலிருந்து வான்வழித் தூரம் 150 கிலோமீட்டருக்குள் பொதுவாகப் புதியது அமைக்கப்படலாகாது என்றும், அவ்வாறு அமைக்க வேண்டுமாயின், பழைய நிலையத்துக்கு அதனால் ஏற்படும் விளைவை ஆராய்ந்து மத்திய அரசு தனித்தனியே முடிவு செய்யும் என்றும் அக்கொள்கை விதித்தது. பெங்களூரைப் பொறுத்தவரை ஒப்பந்த வகையிலும் ஒரு வரம்பு உண்டு. 2004இல் மத்திய அரசுக்கும் விமான நிலைய நிறுவனத்துக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, நிலையம் திறக்கப்பட்ட நாளிலிருந்து 25 ஆண்டுகள் வரை, மைசூரும் ஹாசனும் நீங்கலாக, 150 கிலோமீட்டர் வான்வழித் தூரத்துக்குள் வேறு சர்வதேச விமான நிலையம் உருவாக அனுமதி இல்லை. நிலையம் திறக்கப்பட்டது 2008 மே மாதத்தில். எனவே இவ்வரம்பு 2033 வரை நீடிக்கும். உள்நாட்டுச் சேவைக்கு மட்டுமான நிலையத்தை இந்த ஒப்பந்த வரம்பு தடுப்பதில்லை.

இவ்வரம்பு ஏட்டளவில் நிற்பதன்று. 2024 ஜூன் மாதத்தில் ஓசூரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்தபோது, முதலில் எழுந்த விவாதமே இந்த 150 கிலோமீட்டரைப் பற்றியதாகும். குப்பத்திலோ 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விமான நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை முன்னேறாமல் நின்றபின், 2024க்குப் பிறகு மாநில அரசு அத்திட்டத்தை மீண்டும் கையில் எடுத்தது.

இப்பொழுது படத்தையும் விதியையும் சேர்த்துப் பார்ப்போம். குப்பத்தை மையமாக வைத்து 150 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அண்டை மாநிலங்களின் பெங்களூருவும் சேலமும் அதற்குள் அடங்குகின்றன. சொந்த மாநிலத்தின் திருப்பதி நிலையம் வட்டத்துக்குச் சிறிது வெளியே நிற்கிறது. விதியின் பார்வையில் குப்பம் இரு விமான நிலையங்களின் நிழலில் உள்ள ஊர். குப்பத்து மக்களின் பார்வையிலும் அது அவ்வாறுதானா என்பதே கேள்வி.

வழியில் காணும் குப்பம்

நேர்கோட்டில் 85 கிலோமீட்டராக உள்ள பெங்களூரு விமான நிலையம், சாலை வழியே செல்வோர்க்கு, எடுக்கும் வழியைப் பொறுத்து, ஏறத்தாழ 120 முதல் 140 கிலோமீட்டர் ஆகிறது. 160 கிலோமீட்டராக உள்ள திருப்பதி நிலையம் பலமனேர், சித்தூர் வழியாக ஏறத்தாழ 190 முதல் 200 கிலோமீட்டர் ஆகிறது. ரயிலை நம்புவோரின் நிலை இன்னும் விசித்திரமானது. குப்பம் ரயில் நிலையம், 1864இல் பெங்களூரை எட்டிய சென்னை இருப்புப் பாதையில் உள்ளது. குப்பத்தார் தம் மாவட்டத் தலைநகராகிய சித்தூருக்கு ரயிலில் செல்ல வேண்டுமாயின், தமிழ்நாட்டுக்குள் இறங்கி, ஜோலார்பேட்டை, ஆம்பூர் வழியாகக் காட்பாடி சென்று, அங்கிருந்து மீண்டும் வடக்கே திரும்பி ஆந்திரத்துக்குள் நுழைய வேண்டும். நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம், இருப்புப் பாதையில் ஏறத்தாழ 160 கிலோமீட்டராக நீள்கிறது.

எல்லைகளோ அடிக்கடி மாறியிருக்கின்றன. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று; 1953இல் அது சென்னை மாநிலத்தினின்று பிரிந்து ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது; 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இதன் விளைவாகத் திருப்பதி விமான நிலையம் இன்று குப்பத்தின் மாவட்டத்திலும் இல்லை. ஆயினும் மக்களின் போக்கு இவ்வெல்லைகளைப் பின்பற்றுவதில்லை. வேலைக்கும் மேற்படிப்புக்கும் பெருமருத்துவத்துக்கும் அவர்கள் 1864ஆம் ஆண்டுப் பாதையில் பெங்களூருக்கே செல்கின்றனர்; அன்றாடம் ரயிலில் சென்று திரும்புவோரும் பலர். ஆகவே குப்பத்தின் உண்மையான விமான நிலையம் பெங்களூருவே என்பதில் ஐயமில்லை.

அங்குச் சென்றடைய ஆகும் காலத்தை ஓர் உதாரணக் கணக்கால் விளக்கலாம். குப்பத்தை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து ஐதராபாத்துக்கு விமானத்தில் செல்லும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவரிடம் சொந்த மோட்டார் வண்டி இல்லை. கிராமத்திலிருந்து குப்பத்துக்குப் பஸ்ஸில் 1 மணி. ரயிலுக்குக் காத்திருத்தல் 30 நிமிடம். ரயில் பிரயாணம் 2 மணி. பெங்களூருவில் இறங்கி விமான நிலையப் பஸ்ஸைப் பிடிக்க 30 நிமிடம். நகரின் வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள நிலையத்தை அடைய 1 மணி 15 நிமிடம். இதுவரை 5 மணி 15 நிமிடம். விமான நிலையத்தில் 2 மணி. விமானத்தில் 1 மணி 15 நிமிடம். ஐதராபாத்தில் இறங்கி ஊருக்குள் செல்ல 1 மணி. ஆக மொத்தம் 9 மணி 30 நிமிடம். இதில் விமானத்தினுள் அமர்ந்திருக்கும் நேரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே. எஞ்சிய ஏழு பங்கும் தரையில் கழிகிறது. விமானத்தின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இப்பிரயாணியின் நாள் குறுகாது. தரையில் கழியும் நேரத்தைக் குறைத்தால் மட்டுமே குறுகும்.

விமானம் எப்பொழுது வெல்லும்?

இரு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பிரயாண நேரம் கிடைத்துவிடும் என்று மாணவர் கருதுவது இயல்பு. பெங்களூருவுக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள 205 கிலோமீட்டரை மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சிறு விமானம் 25 நிமிடத்தில் கடக்க வேண்டும். உண்மையில் நேர அட்டவணைகள் இத்தகைய தூரத்துக்கு ஒரு மணி நேரம் அளவில் ஒதுக்குகின்றன. தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைதல், மேலேறுதல், கீழிறங்குதல், இறங்குமிடத்தில் முறைக்காகச் சுற்றுதல் ஆகியவை எத்தூரத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவான நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. குறுகிய பிரயாணத்தில் இந்நிலைச் செலவே பெருஞ்செலவாகிறது.

இதனை எளிய கணக்காக அமைக்கலாம். நேர்கோட்டில் 100 கிலோமீட்டர் செல்லச் சாலையில் 125 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது என்றும், சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். அதற்கு ஆகும் நேரம் 2.5 மணி. விமானம் அதே 100 கிலோமீட்டரை 0.2 மணியில் கடக்கிறது. ஆகவே ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் விமானம் 2.3 மணி ஆதாயம் தருகிறது. ஆனால் இந்த ஆதாயம் தொடங்குமுன் நிலைச் செலவு ஈடு செய்யப்பட வேண்டும். விமான நிலையம் செல்ல 1 மணி, அங்குக் காத்திருக்க 1.5 மணி, மேலேறி இறங்குவதில் இழப்பு 0.5 மணி, இறங்கியபின் ஊருக்குள் செல்ல 1 மணி. ஆக 4 மணி. 4ஐ 2.3ஆல் வகுத்தால் 1.74. அதாவது சுமார் 175 கிலோமீட்டருக்குக் குறைந்த பிரயாணத்தில் விமானம் சாலைக்குத் தோற்கிறது.

மத்திய அரசு 2016இல் தொடங்கிய உடான் திட்டத்தில், பொதுவாக 200 முதல் 800 கிலோமீட்டர் வரையுள்ள வழித்தடங்களே உதவிக்குரியவையாக வகுக்கப்பட்டன. மலைப்பகுதிகள், தீவுகள் போன்றவற்றுக்குக் கீழ்வரம்பு தளர்த்தப்பட்டது. நம் கணக்கு காட்டும் எல்லையும் அதனை ஒட்டியே அமைகிறது. பெங்களூரு – திருப்பதி இடையே விமானம் தரும் ஆதாயம், இக்கணக்கின்படி, முக்கால் மணிக்கும் குறைவு.

குப்பத்தார்க்கு நிலைச் செலவு இதனினும் மிகுதி. விமான நிலையம் செல்ல ஒரு மணிக்குப் பதிலாக 3.5 மணி எனக் கொண்டால், மொத்தம் 6.5 மணி ஆகிறது. தோல்வி எல்லை 175 கிலோமீட்டரிலிருந்து சுமார் 280 கிலோமீட்டருக்கு நகர்கிறது. சென்னை, திருப்பதி, மைசூரு ஆகிய ஊர்களுக்குக் குப்பத்திலிருந்து விமானத்தில் செல்ல எவரும் எண்ணாததன் காரணம் இதுவே.

இக்கணக்கில் மற்றொரு பாடமும் உண்டு. சாலையின் சராசரி வேகம் 50லிருந்து 80 கிலோமீட்டராக உயர்ந்தால், நூறு கிலோமீட்டர் நேர்தூரத்துக்கு ஆகும் சாலை நேரம் 2.5 மணியிலிருந்து சுமார் 1.56 மணியாகக் குறைகிறது. விமானத்தின் ஆதாயம் 1.36 மணியாகச் சுருங்குகிறது. அப்பொழுது நான்கு மணி நிலைச் செலவு உடையவர்க்கும் தோல்வி எல்லை ஏறத்தாழ 295 கிலோமீட்டர் ஆகிவிடும். நல்ல சாலை ஒன்று விமான நிலையத்தை அருகில் கொணர்கிறது. அதே சமயம் பல ஊர்களுக்கு விமானமே வேண்டாமலும் செய்கிறது. பெங்களூரு – சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி, ஹொஸ்கோட்டேயிலிருந்து பேத்தமங்கலம் வரை சுமார் 70 கிலோமீட்டர், 2024ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. குப்பம் ஓர் அங்குலமும் நகரவில்லை; ஆயினும் அச்சாலையை எட்டக்கூடியவர்க்குப் பெங்களூரு விமான நிலையம் அருகே வந்துவிட்டது. நேர்கோட்டை மட்டும் காணும் விதி இம்மாறுதலை உணர இயலாது.

அருகிலுள்ள நிலையமும் தொலைவில் உள்ளதாகலாம்

‘குப்பத்திலேயே விமான நிலையம் அமைந்தால் இத்தொல்லைகள் யாவும் தீருமே’ என்பர் சிலர். இக்கருத்தைப் புறக்கணிக்க இயலாது. மூன்று மாநிலங்களின் கோடியில் உள்ள இப்பகுதி, மூன்று தலைநகரங்களின் கவனத்துக்கும் கடைசியில் வருவது. போக்குவரத்து வசதி தொழிலை ஈர்க்கும். தொழில் வேலையைத் தரும். அன்றாடம் பெங்களூருக்கு ரயிலேறும் இளைஞர் ஊரிலேயே பிழைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே.

ஆயினும் காலக் கணக்கில் ஓர் உறுப்பு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அது சேவையின் அடுக்கு. ஒரு நிலையத்திலிருந்து நாளொன்றுக்கு ஒரே விமானம் புறப்படுமாயின், காலையில் வேலை முடிந்தவர் மறுநாள் வரை காத்திருக்க நேரும். அவர் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையே பத்து நிமிட வழியே இருக்கலாம். ஆனால் அவருக்கும் விமானத்துக்கும் இடையே பல மணி நேரம் உள்ளது. மணிக்கு மணி விமானம் புறப்படும் தொலைவான நிலையம், அப்பொழுது அருகிலுள்ளதைவிட அருகிலுள்ளதாகிறது.

சேலத்தின் அனுபவம் இதற்குச் சான்று. உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச்சில் அங்குச் சென்னைக்கு விமான சேவை தொடங்கிற்று, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில்தான் மீண்டும் விமானங்கள் வந்தன. இடைப்பட்ட காலத்தில் ஓடுபாதை இருந்தது, கட்டடம் இருந்தது, படத்தில் விமான நிலையத்தின் குறியும் இருந்தது. மக்களுக்கு மட்டும் விமானம் இல்லை. குப்பத்தை மையமாக வைத்து வரையும் 150 கிலோமீட்டர் வட்டத்தில் சேலம் அந்நாட்களிலும் அடங்கியே இருந்தது.

ஓடுபாதையின் விலையும் எண்ணத்தக்கது. உயர்ந்த பீடபூமியில் காற்று மெலிந்திருப்பதால் விமானம் எழும்ப நீண்ட பாதை வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் பாதையின் நீளத்தை 7 சதவிகிதம் கூட்ட வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டி. 600 மீட்டர் உயரத்துக்கு இது 14 சதவிகிதம் ஆகிறது. வெயிலின் பொருட்டு மேலும் கூடும். அந்நிலம் எங்கிருந்தோ வர வேண்டும். குப்பம் வட்டாரத்தில் அது நிலக்கடலையும் கேழ்வரகும் விளையும் மானாவாரி நிலமாகவோ, பட்டுப்புழு வளர்ப்போரின் மல்பெரித் தோட்டமாகவோ, ஆடுமாடு மேயும் புறம்போக்காகவோ இருக்கும். அந்நிலத்தைக் கொடுப்பவர் பெரும்பாலும் விமானத்தில் ஏறாதவர். அவரிடமிருந்து நிலத்தைப் பெறுமுன், அதனால் எத்தனை பேருக்கு எத்தனை மணி நேரம் மீதமாகும் என்ற கணக்கை அவர் முன் வைப்பது அரசின் கடமை.

நோயாளிகளையும் விளைபொருளையும் காட்டி விமான நிலையம் கேட்பதும் வழக்கம். உயிருக்குப் போராடும் நோயாளிக்கு, அட்டவணைப்படி பறக்கும் விமானத்தால் பயன் இல்லை. அவருக்கு வேண்டியது ஆம்புலன்ஸ் தடையின்றிச் செல்லும் சாலை, மிகுந்தால் ஹெலிகாப்டர் இறங்கும் தளம். காய்கறியும் மலரும் வெளிநாடு செல்ல வேண்டுமாயின், பெரிய விமானங்கள் பல திசைகளுக்கும் புறப்படும் நிலையம் வேண்டும். அது பெங்களூருவில் உள்ளது. வயலிலிருந்து அங்குச் செல்லும் வரை பொருள் வாடாமல் காக்கும் குளிர்சாதனக் கிடங்கும் வண்டியுமே இங்குக் குறை.

வேறு அளவுகோல்கள்

விமான நிலையங்களைக் காலத்தால் அளப்பது நடைமுறைக்கு ஒவ்வாத புதுமை அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேசிய விமான நிலையத் திட்டத்தில் சிறு நிலையங்களைச் சேர்ப்பதற்கு, பட்டியலில் உள்ள அடுத்த நிலையத்திலிருந்து தரைவழியில் 30 நிமிடத்துக்குக் குறையாத பிரயாணத் தொலைவில் இருத்தல் ஓர் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஒரு விமான நிலையத்தின் சேவைப் பரப்பைச் சுமார் 100 கிலோமீட்டர் அல்லது சுமார் 60 நிமிடப் பிரயாணம் என்று வரையறுத்தன. இங்குத் தூரமும் காலமும் அருகருகே நிற்பதைக் காண்க.

நேர்கோட்டு அளவையை அறவே நீக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதற்கும் இரு நற்பண்புகள் உண்டு. முதலாவது, அதில் வாதத்துக்கு இடமில்லை. யார் அளந்தாலும் ஒரே விடை கிடைக்கும். இரண்டாவது, வானில் விமானங்கள் ஒன்றையொன்று நெருங்காமல் ஏறி இறங்குவதற்கு வேண்டிய இடைவெளியை நேர்தூரமே தீர்மானிக்கிறது. அங்குச் சாலையின் வளைவுக்கு இடமில்லை. விமானங்களின் பாதுகாப்புக்கு நேர்கோடும், மக்களின் தேவைக்குப் பிரயாண நேரமும் அளவுகோலாதல் வேண்டும். இன்று முன்னதைக் கொண்டே பின்னதையும் அளக்க முற்படுகிறோம். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

சமகாலக் கோடு

காலத்தை அளப்பது எவ்வாறு? 1881ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி, லண்டனிலிருந்து புறப்படுவோர் எத்தனை நாட்களில் உலகின் எப்பகுதியை அடையலாம் என்பதை வண்ணங்களால் காட்டும் படம் ஒன்றை வெளியிட்டார். ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது சம உயரக் கோடு. ஒரே காற்றழுத்தமுள்ள இடங்களை இணைப்பது சம அழுத்தக் கோடு. அவ்வாறே ஓரிடத்திலிருந்து ஒரே கால அளவில் சென்றடையும் இடங்களை இணைப்பதைச் சமகாலக் கோடு எனலாம். பெங்களூரு விமான நிலையத்தைச் சுற்றிக் கவராயத்தால் வரையும் வட்டம் எங்கும் ஒரே வளைவாக இருக்கும். சமகாலக் கோடோ விரைவுச் சாலையின் வழியே விரலைப் போல் நீண்டும், மலையும் காடும் உள்ள பக்கத்தில் உள்வாங்கியும் இருக்கும். அக்கோடு உள்வாங்கும் இடங்களில்தான் போக்குவரத்துக் குறை ஒளிந்துள்ளது.

இப்படத்தை வரையும் ஆற்றல் ஆசிரியர்களிடமும் களப்பணியாளரிடமும் உண்டு. கைப்பேசியில் காணும் வழிகாட்டிப் படங்கள் பெரும்பாலும் மோட்டார் காரில் செல்பவரின் நேரத்தையே காட்டுகின்றன. கிராமத்துப் பஸ் உரிய நேரத்தில் வந்ததா, ரயில் நிலையத்தில் எவ்வளவு காத்திருக்க நேர்ந்தது என்பனவற்றை அங்குள்ளவரே அறிவர். ஒரு கிராமத்திலிருந்து குப்பம் ரயில் நிலையத்துக்கும், அங்கிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கும் சென்று வருவோரிடம் புறப்பட்ட நேரம், வாகனம் மாறிய நேரம், காத்திருந்த நேரம், சேர்ந்த நேரம் ஆகிய நான்கையும் கேட்டுக் குறிக்கலாம். சந்தை நாளிலும் சாதாரண நாளிலும், மழைக்காலத்திலும் கோடையிலும் குறிப்புகளைச் சேர்த்து, ஒவ்வோர் ஊருக்கும் ஐந்து குறிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டால், ஒரு நாள் தற்செயலாக நேர்ந்த தாமதம் கணக்கைக் கெடுக்காது. பின்னர் வட்டாரப் படத்தில் இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி, ஐந்து மணி என்று கோடுகளை இணைத்துவிடலாம். பூகோளமும் கணிதமும் குடிமைப் பயிற்சியும் ஒருங்கே அமைந்த பாடம் இது.

இத்தகைய படம் குப்பத்துக்கு உடனடியாகப் பயன்படும். நாம் மேலே கண்ட உதாரணக் கணக்கில், 5 மணி 15 நிமிடத்தில் காத்திருத்தல் மட்டும் ஒரு மணி நேரம். கிராமப் பஸ் ஒரு மணி நேரம். ரயிலின் வரவோடு பொருந்துமாறு கிராமப் பஸ்ஸின் நேரத்தை மாற்றியமைத்தாலும், குப்பத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேரே செல்லும் பஸ் சேவையை இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் கலந்து ஏற்படுத்தினாலும், ஓர் ஏக்கர் நிலமும் எடுக்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் மீதமாகும் என்று எதிர்பார்க்கலாம். விமானத்தில் செல்லாத பெரும்பான்மையோர்க்கும் அதே பஸ்ஸும் அதே சாலையும் பயன்படும் என்பது இதன் தனிச் சிறப்பு.

ஆதலால் குப்பத்துக்கு முதற்கண் வேண்டியவை பொருந்திய நேர அட்டவணை, விரைவுச் சாலையை எட்டும் நல்ல இணைப்பு, விமான நிலையத்துக்கு நேர் பஸ் ஆகிய மூன்றுமே என்பது நம் முடிவு. அவை அமைந்த பின்னரும் வட்டாரத்தில் கணிசமான மக்கள் மூன்று மணிக் கோட்டுக்கு அப்பால் நிற்பார்களாயின், நாள்தோறும் பலமுறை பறக்கும் சேவைக்கு உறுதியும் கிடைக்குமாயின், விமான நிலையம் கேட்பதற்குக் குப்பத்தாருக்கு முழு உரிமை உண்டு. அப்பொழுது 85 கிலோமீட்டர் என்ற எண் அவர்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது. மத்திய அரசும் தன் கொள்கையில், வான்வழித் தூரத்தோடு பொதுப் போக்குவரத்தில் ஆகும் பிரயாண நேரத்தையும் சேவையின் அடுக்கையும் சேர்த்து ஆராயும் விதியை இணைத்தல் நன்று.

அவ்விதி வருவதற்குக் காத்திராமல் அளவைத் தொடங்கலாம். மலையுச்சிகளில் கருவிகளை ஏற்றித் தூரத்தை அளந்த பணிக்குப் பெரும்பொருளும் பெரும்படையும் வேண்டியிருந்தன. காலத்தை அளக்க ஒரு கைக்கடிகாரமும், ஒரு குறிப்பேடும், ஊராரிடம் பொறுமையாகக் கேட்கும் மனமும் போதும். வரும் பருவத்தில் ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரிலிருந்து விமான நிலையம் எத்தனை நாழிகை வழி என்பதைக் கண்டறிந்து எழுதி வைக்குமாயின், ஓடுபாதையைப் பற்றிய அடுத்த விவாதம் வெறும் எதிர்பார்ப்பைக் கொண்டு நடைபெறாது.